காலியாக விடக்கூடாத கட்டம்

ர்ர்ர் என்று ஓடிக்கொண்டிருந்தது எதுவோ. பிறகு ஓர் உதறல், கண்ணாடியோடு கண்ணாடி இடித்துக்கொள்ளும் சின்னக் கிணுகிணுப்பு, பிறகு ஒன்றுமில்லை. கம்ப்ரஸர் நின்றுவிட்டது, எழுந்திரு, இரண்டாவது சேம்பரில் மிளகாய், மூன்றாவதில் புளி, ஜெனரேட்டர் சாவி ஆணியில் இருக்கிறதா பார் என்று கால்கள் எனக்கு முன்னால் எழுந்து தரையைத் தேடிவிட்டன. தரை வெதுவெதுப்பாக இருந்தது. குளிர்கிடங்கின் தரை அப்படி இருக்காது. அப்போதுதான் கண்ணைத் திறந்தேன் என்று நினைக்கிறேன், அல்லது திறந்தே கிடந்த கண்ணுக்கு அப்போதுதான் எதுவோ தெரிந்தது: ஜன்னலில் ஆணியடித்து மாட்டிய போர்வை, அதன் ஓரத்தில் மஞ்சள் கோடாக வெயில். வீடு. திருவானைக்காவல். பகல். நின்றது சமையலறை ஃபிரிட்ஜ். அது நின்றதற்கு யாரும் ஓடவேண்டாம், கொஞ்ச நேரத்தில் தானாகவே ஓடும். ராத்திரி முழுக்க ஓர் இரைச்சலுக்குள் உட்கார்ந்து சம்பளம் வாங்குகிறவனுக்கு இரைச்சல்தான் தாலாட்டு, அது நின்றால்தான் பயம். சுகந்தி கண்டுபிடித்து வைத்திருந்தாள். "இந்த மனுஷனை எழுப்பத் தொட வேண்டாம், கூப்பிட வேண்டாம், ஃபேனை நிறுத்துனாப் போதும்" என்று எதிர்வீட்டுக்காரியிடம் சொல்லிச் சிரிப்பாள். மூன்று மணி காப்பிக்கு ஃபேன் நிற்கும், நான் அலறி எழுவேன், தம்ளரோடு நிற்பாள். இப்போது ஃபேன் நிற்பதில்லை. மின்வாரியம் நிறுத்தினால்தான் உண்டு. எழுந்து உட்கார்ந்தவனுக்கு எதையோ பாதியில் விட்டுவிட்டு வந்த குறுகுறுப்பு, என்னவென்று தெரியவில்லை, சாவியா, அடுப்பா. பக்கெட். மொட்டைமாடியில் பக்கெட்.

காலையில் வந்தவுடன் துவைத்த துணி. பாதியைக் கொடியில் போட்டிருந்தேன், அப்போது சங்கவி கூப்பிட்டாள், ஷார்ஜாவில் ஆபீஸ் பஸ்ஸுக்குள் இருந்து, பின்னால் யாரோ மலையாளத்தில் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். "ப்பா, அம்மா திவசம் எந்த நாள்னு இன்னைக்குச் சொல்லிடு. வெள்ளின்னா பிரச்சினையே இல்ல, எனக்கு லீவு, ராத்திரி ஃபிளைட் பிடிச்சு வந்துடுவேன். வியாழன்னா கேக்கணும். கேட்டா அந்த மேனேஜர் குடுக்கமாட்டான்." சொல்றேம்மா என்றேன். "போன வாரமும் இதையேதான் சொன்ன." திதி பாக்கணும்ல என்றேன். "நீதானப்பா அதுக்கு வெப்சைட்டே செய்யிற. ஊர்ல உள்ளவங்களுக்கெல்லாம் சொல்லுமாம், உன் பொண்டாட்டிக்குச் சொல்லாதாமா?" சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். நானும் சிரித்தேன். போனை வைத்த பிறகு கையில் இருந்த ஈரச் சட்டையை எடுத்த இடத்திலேயே பக்கெட்டில் போட்டுவிட்டு இறங்கி வந்து படுத்துவிட்டேன். இந்நேரம் அடியில் இருப்பதெல்லாம் புழுங்கி நாற ஆரம்பித்திருக்கும். போய் எடுக்கவேண்டும். எடுக்கவில்லை, உட்கார்ந்திருக்கிறேன். சாயங்காலத்துக்குள் அவளுக்கு ஒரு கிழமை சொல்லவேண்டும், சாஸ்திரி ஸ்கந்தனுக்கு வெப்சைட்டில் ஒரு கட்டத்தை முடித்துக் கொடுக்கவேண்டும், இரண்டும் ஒரே வேலைதான் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.

இறந்த தேதி காலண்டரில் இருக்கிறது, அதில் குழப்பமில்லை. ஆனால் திவசம் தேதிக்குக் கொடுப்பதில்லை, திதிக்கு. திதி நிலாவின் நாள். அது நடுராத்திரியில் மாறாது, விடிந்தால் மாறாது, அதற்கு எப்போது தோன்றுகிறதோ அப்போது மாறும், நாம் மத்தியானம் ரசம் ஊற்றிக்கொண்டிருக்கும்போது மாறும். உயிர் போன அந்த நிமிஷத்தில் வானத்தில் எது ஓடிக்கொண்டிருந்ததோ அதுதான் அவர்களுடைய நாள், வருஷா வருஷம். சுகந்தி போன ராத்திரி, இரண்டு மணி சுமாருக்கு ஏகாதசி முடிந்து துவாதசி பிறந்தது. நான் கிடங்கிலிருந்து அவளோடு பேசிவிட்டு போனை வைத்தது பத்தரைக்கு. வீட்டுக்கு வந்து கதவைத் திறந்தது காலை ஆறரைக்கு. நடுவில் எங்கேயோ. இந்த வருஷம் அந்த ஏகாதசி வியாழக்கிழமை வருகிறது, துவாதசி வெள்ளிக்கிழமை. அவ்வளவுதான் விஷயம். ஒரு வருஷமாக இந்த அவ்வளவுதானைச் சுற்றிச் சுற்றி வருகிறேன், செக்கு மாட்டுக்காவது எண்ணெய் மிஞ்சும்.

ஸ்கந்தன் கேட்டதில் ஆரம்பித்தது. காரியத்துக்கு வந்த சாஸ்திரி, முப்பது வயசிருக்கும், காதில் கடுக்கன், அதே காதில் ப்ளூடூத். தர்ப்பையைப் பிரித்துக்கொண்டே, "போன நேரம் சொல்லுங்கோ சார்" என்றான். மச்சான் சிதம்பரநாதன், சுகந்தியின் அண்ணன், பக்கத்தில் நின்றவர் முந்திக்கொண்டு, "ஏகாதசிங்க, ஏகாதசி. ஏகாதசி மரணம் துவாதசி தகனம்பாங்க, கோடியில ஒருத்தருக்குத்தான் அமையும், என் தங்கச்சிக்கு அமைஞ்சுது" என்று சொல்லித் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். சுற்றி நின்றவர்கள் தலையாட்டினார்கள். அந்தத் தலையாட்டலில் ஒரு திருப்தி இருந்தது, சாவைக்கூட நல்ல விலைக்கு வாங்கி வந்ததைப் போல. ஆனால் டாக்டர் கொடுத்த சான்றிதழில் விடியற்காலை நாலரை என்று இருந்தது. நாலரை என்றால் துவாதசி. ஸ்கந்தன் என்னைப் பார்த்தான், சான்றிதழைப் பார்த்தான், மந்திரத்தை ஆரம்பித்தான். ரொம்ப நாள் கழித்து அவனே ஒருநாள் பஸ் ஸ்டாப்பில் ஸ்கூட்டரை நிறுத்தினான். "சார், நீங்க கம்ப்யூட்டர்ல கோடு எழுதுவேள்னு கேள்விப்பட்டேன். வெளிநாட்டுல இருக்கற பசங்களுக்கு அப்பா அம்மா திதி மறந்து போறது, எனக்குப் போன் பண்ணிக் கேக்கறா, நான் என்ன எல்லா ஆத்துப் பஞ்சாங்கமும் தலைல வச்சிண்டிருக்கேனா. வருஷச் சந்தா வச்சு ஒண்ணு பண்ணுவோமா? முன்னாடியே ஞாபகப்படுத்தணும், என்ன வாங்கணும்னு சொல்லணும், வாத்தியார் வேணுமான்னு கேக்கணும்." சரி என்றேன், யோசிக்காமல். ஏன் என்று அன்றைக்குத் தெரியவில்லை. இன்றைக்குத் தெரிகிறது: எதையாவது ஒரு கணக்காக மாற்றிவிட்டால் அது என்னைவிட்டு மெஷினுக்குள் போய்விடும் என்று நினைத்திருக்கிறேன்.

நான் படித்தது மெக்கானிக் டிப்ளமோ. கோடு எழுதக் கற்றது கிடங்கில். மணிக்கொரு தடவை ஒவ்வொரு சேம்பரின் டிகிரியையும் குறிக்கவேண்டும், குறித்துவிட்டு மீதி நேரத்துக்கு மனுஷன் என்ன செய்வான், பாட்டுக் கேட்கலாம், குடிக்கலாம், நான் பழைய லேப்டாப்பில் வீடியோ பார்த்து ஒவ்வொரு எழுத்தாக அடித்துப் பார்த்தேன். யாரும் சொல்லிக்கொடுக்காமல் கற்றவனுக்கு ஒரு வியாதி உண்டு, எந்த வழி சரி என்று கடைசிவரை தெரியாது, ஒவ்வொரு முடிவும் முதல்முறை கடக்கிற ரோடு மாதிரி. இந்தத் தளத்துக்கு மற்றவர்கள் எழுதிவைத்த புதுக் கோடுத் தொகுப்பை, லைப்ரரி என்பார்கள், எடுப்பதா, தெரிந்த பழைய மொழியிலேயே எழுதுவதா என்று ஒரு மாதத்தைத் தின்றேன். பழையதே போதும் என்று முடிவெடுத்தேன், நான் செத்தாலும் வேறொருத்தன் வந்து படிக்க முடியவேண்டும் என்பதற்காக. திதியை யாரோ விற்கும் கணக்கில் கேட்டு வாங்குவதா, சூரியனும் சந்திரனும் எவ்வளவு தள்ளி நிற்கின்றன என்று நானே கணக்குப் போடுவதா. நானே போட்டேன், அந்த வியாபாரி கடையை மூடினால் இவர்களுடைய அப்பா அம்மாவெல்லாம் நாளில்லாமல் நிற்பார்களே. நேரத்தை எந்த ஊர் நேரமாகச் சேமிப்பது. லண்டன் நேரமாகச் சேமி, காட்டும்போது ஊருக்கு ஊர் மாற்றிக்கொள் என்கிறார்கள் எல்லோரும், சரிதான், ஆனால் ஸ்ரீரங்கத்தில் போன அப்பாவுக்கு நியூஜெர்சியில் மகன் திவசம் பண்ணும்போது எந்தச் சூரியன்? "அவன் நிக்கற ஊர்ச் சூரியன்தான் சார், அப்பா அங்க வந்து வாங்கிப்பார், அவருக்கு விசா வேண்டாம்" என்றான் ஸ்கந்தன். சந்தா தானாகவே புதுப்பித்துக்கொள்ளும் என்ற டிக்கை முதலிலேயே போட்டுவைப்பதா, அவர்களாகப் போடட்டும் என்று விடுவதா. ஸ்கந்தனுக்கு அதில் சந்தேகமே இல்லை. "திவசம் நிக்கப்போறதா? அதுபாட்டுக்கு வருஷா வருஷம் வரும். ரினியூவலும் வரட்டும்." சந்தா கட்டுகிறவரே போய்விட்டால் என்றேன். ஒரு நொடி யோசித்தான். "அப்ப அவர் பையனுக்கு மெயில் போகட்டும். பேரை மேல மாத்திட வேண்டியதுதான். நம்ம கஸ்டமர் எங்கயும் போகமாட்டார் சார், ஒரு படி ஏறுவார், அவ்வளவுதான்." சிரித்தேன். ராத்திரி கிடங்கில் அதை நினைத்துத் தனியாக உட்கார்ந்திருந்தேன், சிரிக்க முடியவில்லை. அந்த டிக்கைக் காலியாக விட்டேன்.

இப்படி ஒவ்வொன்றாக முடித்துவந்து ஒரே ஒரு கட்டத்தில் நிற்கிறது. இறந்த நேரம். பக்கத்தில் ஒரு சிவப்பு நட்சத்திரக்குறி, கட்டாயம் நிரப்பவேண்டும் என்று அர்த்தம். ஸ்கந்தனுக்கு அது வேண்டும். நேற்றுகூடச் சொன்னான், பின்னால் யாரோ "எள்ளு எங்கடா" என்று கத்திக்கொண்டிருக்க, "கட்டாயமா கேளுங்கோ சார். பொறந்த நேரத்தைக் கேட்டா டக்குனு சொல்றா, ஜாதகம் இருக்கு. போன நேரத்துக்கு யார் ஜாதகம் எழுதறா? கேட்டாத்தான் யோசிப்பா. விட்டா, தெரியாதுன்னு தட்டிட்டுப் போயிண்டே இருப்பா, அப்புறம் நான்தான் அவாத்துல போய் முழிச்சிண்டு நிக்கணும்." நிஜமாகவே தெரியாவிட்டால் என்றேன். "தெரியாதவாளுக்கு வழி இருக்கே. மாசம் தெரியும் திதி தெரியாதுன்னா அந்த மாச அமாவாசை. கடலுக்குப் போய்த் திரும்பாதவன், ஓடிப்போனவன், எல்லாருக்கும் அதான். ஒண்ணும் தோஷமில்லை." அப்புறம் குரலைத் தாழ்த்தி, "சார், நாளைக்கு சாயங்காலம் வாட்ஸப் குரூப்ல லிங்கைப் போட்டுடறேன்னு சொல்லிட்டேன். மானத்தை வாங்கிடாதீங்கோ" என்றான். அமாவாசை. நிலா இல்லாத நாள், யாரும் பார்க்காமல் போனவர்களுக்கு. கடலுக்குப் போனவர்களோடு சுகந்தியை எப்படி வரிசையில் நிறுத்துவேன், அவள் கட்டிலில் படுத்திருந்தாள், தலைமாட்டில் தண்ணீர்ச் சொம்பு, வாசல் பூட்டியிருந்தது, சாவி என் பையில். டேட்டாபேஸில் தெரியாது என்பதற்கென்று ஒன்று உண்டு, இங்கிலீஷில் நல் (null) என்பார்கள். அது பூஜ்யமில்லை. வெற்றிடமும் இல்லை. மதிப்பு இருக்கலாம், என்னிடம் இல்லை என்று பொருள். கற்றபோது என்னைக் குழப்பியது ஒன்றுதான்: ஒரு தெரியாதை இன்னொரு தெரியாதோடு ஒப்பிட்டு இரண்டும் சமமா என்று கேட்டால் மெஷின் ஆமாம் என்று சொல்லாது. இல்லை என்றும் சொல்லாது. உன் தெரியாது வேறாக இருக்கலாம், அவன் தெரியாது வேறாக இருக்கலாம், எனக்கு என்ன தெரியும் என்று சும்மா இருந்துவிடும். மனுஷனைவிட அதற்கு இங்கிதம் அதிகம். அமாவாசை எல்லாத் தெரியாதையும் ஒன்றாக்கிவிடுகிறது.

டாக்டரும் ஒரு கட்டத்தில்தான் மாட்டிக்கொண்டார். பாவம், தெருக்கோடியில் கிளினிக், பனியன் மேல் சட்டையை மாட்டிக்கொண்டே வந்தார். எப்ப என்றார். தெரியலைங்க என்றேன். கையைப் பிடித்துப் பார்த்தார், கண்ணைத் திறந்து டார்ச் அடித்தார். "இங்க நேரம் போடணும்." பேனா கட்டத்துக்கு மேலேயே நின்றது. "விடியக்காலைன்னு போட்டுடட்டுமா, நாலரை? தூக்கத்துல போயிருக்காங்க, ஒண்ணும் தெரிஞ்சிருக்காது." ஆறுதலாகச் சொன்னார், மருந்துச்சீட்டு எழுதுவதைப் போல அந்த நாலரையை எழுதிக்கொடுத்தார். கட்டம் காலியாக இருக்கக்கூடாது என்பதற்காகப் பிறந்த நாலரை. நான் எழுதி வைத்திருக்கும் சிவப்பு நட்சத்திரக்குறியும் இதைத்தானே செய்யும், ஷார்ஜாவிலும் சிங்கப்பூரிலும் ஒவ்வொருத்தனாகக் கட்டத்துக்கு மேலே விரலை வைத்துக்கொண்டு ஒரு நாலரையைப் பெறுவான். அதற்கு நானே சாட்சி. சோதனை செய்து பார்க்க ஒரு பெயர் வேண்டுமே, முதல்நாளே சுகந்தி என்று போட்டுவிட்டேன், வேறு பெயர் விரலுக்கு வரவில்லை. பதினொரு மணி என்று போடு, ஏகாதசி. மூன்று என்று போடு, துவாதசி. எல்லை சரியாக வேலை செய்கிறதா பார், இரண்டுக்கு ஒரு நிமிஷம் முன், ஒரு நிமிஷம் பின். நடுராத்திரி போட்டால் தேதி நழுவுகிறதா பார். மஸ்கட் நேரமாக மாற்றி ஒருமுறை. மாதக்கணக்காக, புளி மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து, அந்த ராத்திரியின் எல்லா மணியிலும் அவளைச் சாகவைத்துப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் பச்சை எழுத்தில் வந்தது, வெற்றிகரமாகச் சேமிக்கப்பட்டது. ஒரே ஒரு நேரத்தை மட்டும் போட்டுப் பார்க்கவில்லை. போடாமல் விரல் அதைச் சுற்றிக்கொண்டு போனது எனக்குத் தெரியும், தெரியாததைப் போல இருந்தேன்.

என்ன வெயில் இது, ஆவணியில். போன ஆவணியில் அந்த ராத்திரி மழை. கிடங்குத் தகரத்தில் அடித்த மழை, பேசும்போது அவள் குரல் பாதிதான் கேட்டது. "சாப்டீங்களா" என்றாள். சாப்பிட்டேன் என்றேன். "ஜன்னல் பக்கம் சாரல் அடிக்குது, சாத்த எழுந்தா ஒரு மாதிரி நெஞ்சைக் கரிக்குது, மத்தியானம் தின்ன பஜ்ஜி." ஜெலுசில் இருக்கு பாரு என்றேன். "குடிச்சிட்டேன். வைங்க, தூங்குறேன்." வைங்க என்றுதான் சொன்னாள். நல்ல ராத்திரி அது எனக்கு. அன்றைக்குத்தான் முதன்முதலாக நான் எழுதிய ஒரு பக்கம் உள்ளே வா என்று என் பெயரைச் சொல்லி வரவேற்றது, கடவுச்சொல் தப்பென்றால் வெளியே தள்ளியது. அவளைக் கூப்பிட்டுச் சொல்லலாமா என்று போனை எடுத்தேன். தூங்குவாள், எழுப்பவேண்டாம் என்று வைத்தேன். மணிக்கொரு தடவை எழுந்து புளிக்கு என்ன டிகிரி, மிளகாய்க்கு என்ன டிகிரி என்று எழுதினேன். எழுதின கை இது. இந்தக் கைக்கு ஒரு வித்தை தெரியும் என்று லாரிக்காரர்கள் பந்தயம் கட்டுவார்கள். எந்த மூட்டையானாலும் நடுவில் கையை நுழைத்துவிட்டு, இது உள்ளே வந்து இத்தனை நேரம் ஆச்சு என்று சொல்லிவிடுவேன். மேல்புறம் பொய் சொல்லும், சீக்கிரம் ஆறிவிடும். நடு மூட்டை பொய் சொல்லாது. "மாசிலாமணி அண்ணன் கையிலதான்டா மீட்டரே ஓடுது" என்பான் லாரி பிச்சைமுத்து. வேண்டாம். அந்தப் பக்கம் போகவேண்டாம். எழுந்து துணியை எடு. பக்கெட்டில் சங்கவி போன தடவை விட்டுப்போன துண்டு வேறு இருக்கிறது. நாலரை என்றே வைத்துக்கொள், என்ன கெட்டுவிட்டது, வெள்ளிக்கிழமை, பிள்ளை வருவாள், பக்கத்தில் நின்று பார்ப்பாள், நாலரை என்றால் நான் பஸ்ஸுக்குக் கிளம்புகிற நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால்தான், கிட்டத்தட்ட வந்துகொண்டிருந்தேன் என்று ஆகும், கிட்டத்தட்ட பக்கத்தில் இருந்தேன் என்று ஆகும். நாலரை எல்லோருக்கும் நல்லது. ஆறரைக்குக் கதவைத் திறந்தேன். ஃபேன் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. சுகந்தி என்றேன். அவளை எழுப்ப ஃபேனை நிறுத்தினேன், விளையாட்டாக, எனக்குச் செய்வதை அவளுக்கு. நின்றது. அவள் எழவில்லை. கையைத் தொட்டேன், குளிர்ந்திருந்தது, அது மேல்புறம், அதை நம்பவேண்டாம். விரல்களைப் பிரிக்கப் பார்த்தேன், வரவில்லை. கழுத்துக்கு அடியில் கையைக் கொடுத்துத் தூக்கப் பார்த்தேன், முதுகும் தலையணையும் சேர்ந்திருக்கும் அந்த இடம், வெளியே என்ன குளிரானாலும் கடைசிவரை சூடு தங்குகிற இடம். நடு மூட்டை. அங்கே ஒன்றுமில்லை. கை அப்போதே சொல்லிவிட்டது, நான் அழுவதற்கு முன்னால், மச்சானுக்குப் போன் போடுவதற்கு முன்னால், டாக்டர் டார்ச்சை எடுப்பதற்கு முன்னால் சொல்லிவிட்டது: பத்தரைக்கு அப்புறம் ரொம்ப நேரமில்லை. வைங்க என்று சொல்லி வைத்தவள், திரும்பிப் படுத்திருப்பாள், அவ்வளவுதான். மச்சான் சொன்னது சரிதான், ஏகாதசிதான், அவர் சொன்ன காரணத்துக்காக இல்லை. மீதி ராத்திரி பூராவும் மழைச்சாரலும் ஃபேனும் அவளும். அங்கே நான் புளிக்கு டிகிரி எழுதிக்கொண்டிருந்தேன்.

ஃபிரிட்ஜ் மறுபடி ஓட ஆரம்பித்துவிட்டது. எப்போது ஆரம்பித்தது என்று கவனிக்கவில்லை. லேப்டாப்பைத் திறந்தேன். சிவப்பு நட்சத்திரக்குறியை எடுத்தேன். நேரம் என்ற ஒரு கட்டத்தை எடுத்துவிட்டு இரண்டு கட்டம் போட்டேன்: கடைசியாக எப்போது பேசினீர்கள், போய்விட்டதை எப்போது பார்த்தீர்கள். இதை எல்லோராலும் நிரப்ப முடியும். இரண்டுக்கும் நடுவில் திதி மாறாவிட்டால் பக்கம் நாளைச் சொல்லும். மாறினால் இரண்டு நாளையும் காட்டிவிட்டு, இதில் எது என்பதை வீட்டார்தான் சொல்லவேண்டும் என்று நிற்கும், தானாக எதையும் இட்டு நிரப்பாது. ஸ்கந்தனுக்குப் போன் போட்டுச் சொன்னேன். "ஒரு நேரம் கேட்டதுக்கே ஓடறா, ரெண்டு நேரமா சார்" என்றான். இப்படியிருந்தால்தான் கொடுப்பேன் என்றேன். "அன்னிக்கு நேரத்தைக் கேட்டு உங்களை ரொம்பப் படுத்திட்டேனோ" என்றான். இல்லை என்றேன். "சரி, போட்டுடறேன். சார், உங்காத்துல என்னைக்கு? நான் வரணுமே." சொல்கிறேன் என்று வைத்துவிட்டு, சுகந்தி என்று போட்டேன். பத்தரை. ஆறரை. பக்கம் வியாழன், வெள்ளி இரண்டையும் காட்டிவிட்டு நின்றது. நல்ல பக்கம், நான் எழுதியதுதான். விரல் கொஞ்ச நேரம் மேலேயே இருந்தது. வியாழனைத் தொட்டேன். வெற்றிகரமாகச் சேமிக்கப்பட்டது. அந்த வரி யாருக்கும் வேண்டாம் என்று தோன்றியது, அதை அழித்துவிட்டுக் குறித்துக்கொண்டோம் என்று மாற்றினேன்.

மாடிப்படியில் ஏறிக்கொண்டே சங்கவியைக் கூப்பிட்டேன். கீபோர்டு சத்தங்களுக்கு நடுவே, "சொல்லுப்பா" என்றாள். வியாழன்மா என்றேன். "ஐயோ. நிச்சயமாவா? டாக்டர் நாலரைன்னு குடுத்தாரே, மாமா பேச்சைக் கேட்டா சொல்ற?" மாமா இல்ல, எனக்குத் தெரியும் என்றேன். "எப்படித் தெரியும்?" தொட்டுப் பார்த்தேன்ல, அதுல தெரியும் என்றேன். படியில் நின்றேன், சுவர் வெயிலில் கொதித்துக்கொண்டிருந்தது. கீபோர்டு சத்தம் தூரமாயிற்று, எங்கோ எழுந்து போகிறாள், ஒரு கதவு. "அப்ப நீ வர்ற வரைக்கும், அம்மா ராத்திரி பூரா..." அவள் முடிக்கவில்லை. ம் என்றேன். பிறகு மூக்கை உறிஞ்சிவிட்டு, "லீவு கேக்கறேன். குடுக்கலைன்னாலும் வரேன்" என்றாள். வேலை போயிடும்மா என்றேன். "போட்டும்ப்பா. நீ சாப்டியா?" இனிமேல்தான் என்றேன். "தூங்குனியாவது?" தூங்கினேன் என்றேன். அவள் அம்மா மாதிரி வைங்க என்று சொல்லாமல் வைத்தாள், அதற்கு நன்றியாக இருந்தது.

மாடியில் காலையில் போட்ட பாதி மொடமொடவென்று காய்ந்து விறைத்துக்கொண்டிருந்தது. பக்கெட்டின் மேலே இருந்த சட்டையும் முக்கால்வாசி உலர்ந்திருந்தது, வெயில் அதை மட்டும் பார்த்திருக்கிறது. கையை உள்ளே விட்டேன். நடுவில் துணி இன்னும் சில்லென்று இருந்தது. முகர்ந்தேன், லேசாகப் புழுங்கின வாசம், இன்னொரு தண்ணீர் விட்டால் போய்விடும். குழாயைத் திறந்து வாளி நிரம்பும்வரை நின்றேன். பிறகு ஒவ்வொன்றாக அலசி, முறுக்கிப் பிழிந்து, உதறி, கொடியில் விட்ட இடத்திலிருந்து போட ஆரம்பித்தேன், சங்கவியின் துண்டு, என் லுங்கி, தலையணை உறை இரண்டு.